கைப்பையில் கிடந்த மாப்பிள்ளை

மாப்பிள்ளை நின்றுகொண்டிருக்கிறார். பெண்ணின் அம்மா நாற்காலியில் வசதியாக உட்கார்ந்து பென்சிலையும் குறிப்பேட்டையும் எடுக்கிறார். மணமகனாகத் தகுதியுள்ள இளைஞர்களின் பட்டியல் ஒன்று அவரிடம் இருக்கிறது. இன்னொரு சீமாட்டியோடு சேர்ந்து தயாரித்த பட்டியல். இவர் பெயர் அதில் இல்லை. பதில்கள் திருப்தியாக இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். கேள்விகள் வரிசையாக வருகின்றன. புகைபிடிப்பது உண்டா? வயது என்ன? வருமானம் எவ்வளவு? அது நிலத்திலிருந்து வருகிறதா, முதலீட்டிலிருந்தா? லண்டனில் வீடு எங்கே? அந்தச் சதுக்கத்தில் எந்தப் பக்கம்? எந்தக் கட்சி?

ஆஸ்கார் வைல்டின் 'தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்' நாடகத்தில் வரும் இந்தக் காட்சியை நான் எத்தனை தடவை வாசித்தாலும் அலுத்ததில்லை. 1895 பிப்ரவரி 14 அன்று லண்டன் செயின்ட் ஜேம்ஸ் அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. கேள்வி கேட்பவர் லேடி பிராக்னெல். பதில் சொல்பவர் ஜாக் வொர்திங். வயது 29, ஆண்டு வருமானம் 7,000 முதல் 8,000 பவுண்டு, பெல்கிரேவ் சதுக்கத்தில் வீடு, கிராமத்தில் ஒரு மாளிகை. அதுவரை எல்லாம் நல்லபடியாகப் போகிறது. பிறகு, பெற்றோர் யார் என்ற கேள்வி. அங்கேதான் ஜாக் மாட்டிக்கொள்கிறார். விக்டோரியா ரயில் நிலையத்தில் பயணிகள் சாமான் வைக்கும் அறையில், ஒரு கைப்பைக்குள் கிடைத்த குழந்தை அவர். எடுத்து வளர்த்த கனவானின் சட்டைப்பையில் அன்று வொர்திங் ஊருக்கு முதல் வகுப்பு டிக்கெட் இருந்ததால், குழந்தைக்கு அந்த ஊர்ப் பெயரே வந்துவிட்டது. இதைக் கேட்ட லேடி பிராக்னெல் சொல்லும் யோசனை: இந்தப் பருவம் முடிவதற்குள் ஆணோ பெண்ணோ, ஒரு பெற்றோரையாவது தேடிப்பிடித்துக் கொண்டுவாருங்கள்.

அரங்கம் அந்த இடத்தில் சிரிக்கும். ஆனால் கேட்கப்பட்டவற்றை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். இந்த மனிதன் நல்லவனா, தன் மகளை நேசிக்கிறானா என்று அந்தத் தாய் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் முகவரி, தொகை, வம்சம். விக்டோரியா காலத்து நகைச்சுவை நாடகங்களில் ஆள்மாறாட்டம் ஏன் இத்தனை தடவை வருகிறது என்பதற்கு எனக்குக் கிடைத்த விடை இதுதான். திருமணம் மனிதனைப் பார்க்காமல் அவன் காட்டும் காகிதங்களைப் பார்க்கிறது என்றால், மனிதர்கள் பொய்க் காகிதம் தயாரிக்கத்தான் செய்வார்கள். ஆள்மாறாட்டத்தைச் சிரிப்பு மூட்டும் உத்தி என்று மட்டும் படிப்பவர்கள் இந்த நாடகங்களில் பாதியைத் தவறவிடுகிறார்கள். கல்யாணத்தின் மீதான விமர்சனம் முழுக்க அந்தப் பொய்ப் பெயருக்குள்தான் இருக்கிறது.

அந்தக் காலத்துச் சட்டத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 1870க்கு முன்பு ஒரு பெண் மணமுடித்த அன்றே அவளுடைய பணமும் நகையும் உழைத்துச் சம்பாதித்த கூலியும் கணவன் வசமாகிவிடும். அவள் பெயரில் தனியாக ஓர் ஒப்பந்தம் போட முடியாது. 1870ஆம் ஆண்டுச் சட்டம் சம்பாத்தியத்தை ஓரளவு காப்பாற்றித் தந்தது. 1883 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சொத்துரிமைச் சட்டம்தான் மனைவிக்கு முழுமையான உரிமையைக் கொடுத்தது. பணக்காரக் குடும்பங்கள் அதற்கு வெகுகாலம் முன்பே வழக்கறிஞர்களை வைத்துப் பத்திரம் எழுதி, மகளின் சொத்தை அறங்காவலர்களிடம் ஒப்படைத்துத் தப்பித்துக்கொண்டன. அதனால்தான் லேடி பிராக்னெல் போன்றவர்களுக்குக் கல்யாணப் பேச்சு என்பது கணக்குவழக்கு. கட்டிக்கொண்ட பிறகு பிரிவதும் எளிதில்லை. 1857ஆம் ஆண்டுச் சட்டப்படி மனைவி சோரம் போனாள் என்று நிரூபித்தாலே கணவனுக்கு விவாகரத்து கிடைக்கும். மனைவிக்கு அது போதாது. கணவனின் சோரத்தோடு கொடுமையையோ கைவிட்டதையோ வேறு பெரிய குற்றத்தையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வு 1923 வரை நீடித்தது. உள்ளே போனால் வெளியே வர முடியாத ஓர் ஏற்பாட்டின் வாசலில் நின்றுதான் அந்த நாடகப் பாத்திரங்கள் எல்லாரும் பொய் சொல்கிறார்கள்.

ஜாக் கிராமத்தில் பொறுப்பான மனிதர். ஒரு இளம்பெண்ணுக்குப் பாதுகாவலர். லண்டனுக்கு ஓடிவந்து உல்லாசமாக இருக்க அவருக்கு ஒரு காரணம் வேண்டும். அதற்காக எர்னஸ்ட் என்று ஒரு ஊதாரித் தம்பியைக் கற்பனையில் படைத்து, லண்டனில் தானே அந்த எர்னஸ்டாகவும் வலம்வருகிறார். நண்பன் அல்ஜெர்னன் நேர்மாறு. பிடிக்காத விருந்துகளிலிருந்து தப்பித்துக் கிராமத்துக்குப் போக, பன்பரி என்ற நிரந்தர நோயாளி நண்பனை உருவாக்கி வைத்திருக்கிறான். கல்யாணமான ஆணுக்குப் பன்பரி இன்னும் அதிகமாகத் தேவைப்படுவான் என்பது அவன் கட்சி. அல்ஜெர்னனின் வேலைக்காரன் லேன் அடக்கமாகச் சொல்லும் ஒரு தகவலும் உண்டு. அவனுக்கும் ஒருமுறை கல்யாணம் ஆகியிருக்கிறது. தனக்கும் ஒரு இளம்பெண்ணுக்கும் இடையே ஏற்பட்ட தவறான புரிதலால் ஆன கல்யாணம். நாடகம் தொடங்கிச் சில நிமிடங்களிலேயே, தேநீர்த் தட்டும் வெள்ளரிக்காய் சாண்ட்விச்சும் மேடையில் இருக்கும்போதே, வைல்ட் இதைச் சொல்லிவிடுகிறார்.

பெண்கள்? லேடி பிராக்னெலின் மகள் க்வெண்டலின், எர்னஸ்ட் என்ற பெயருள்ளவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று தீர்மானமாக இருக்கிறாள். கிராமத்தில் ஜாக்கின் பாதுகாப்பில் இருக்கும் செசிலியும் அதே பெயரில்தான் மயங்கியிருக்கிறாள். நேர்மை, தீவிரம் என்றெல்லாம் ஒலிக்கும் அந்தப் பெயர் அவர்களுக்குப் போதும். அதைத் தாங்கும் ஆள் எப்படிப்பட்டவன் என்பது பிறகு. அம்மா வருமானத்தைப் பார்க்கிறார், மகள் பெயரைப் பார்க்கிறாள். இருவருமே மேலுறையைத்தான் பார்க்கிறார்கள்.

ஆனாலும் செசிலியை அசடு என்று ஒதுக்குபவர்களோடு நான் ஒத்துப்போகவே மாட்டேன். அவள்தான் இந்த நாடகத்தின் மிகப் புத்திசாலியான பாத்திரம். பார்த்தேயிராத எர்னஸ்டோடு பிப்ரவரி 14 அன்று தனக்குத்தானே நிச்சயம் செய்துகொள்கிறாள். அவன் பெயரில் தானே மோதிரம் வாங்குகிறாள். அவன் எழுதியதாகக் கடிதங்களைத் தானே எழுதிப் பெட்டியில் பத்திரப்படுத்துகிறாள். மார்ச் 22 அன்று நிச்சயத்தை முறித்து, பிறகு மன்னித்துச் சேர்த்தும்கொள்கிறாள். எல்லாம் டைரியில் தேதிவாரியாக இருக்கிறது. எர்னஸ்ட் வேடத்தில் வந்து காதல் சொல்லும் அல்ஜெர்னனுக்கு, தனக்கு ஏற்கனவே மூன்று மாதமாக நிச்சயமாகியிருக்கிறது என்பதே அப்போதுதான் தெரியவருகிறது.

மோதிரம், கடிதங்கள், தேதிகள். அந்தக் காலத்து லண்டன் ரசிகர்களுக்கு இந்தப் பட்டியல் நீதிமன்றத்தை நினைவூட்டியிருக்கும். திருமண வாக்குறுதியை மீறியவன் மேல் நஷ்டஈட்டு வழக்குப் போடலாம் என்ற சட்டம் இங்கிலாந்தில் 1970 வரை இருந்தது. அந்த வழக்குகளில் சாட்சியமாக வாசிக்கப்பட்டவை காதல் கடிதங்கள்தான். பத்திரிகைகள் அவற்றை விரிவாக அச்சிட்டு விற்றன. டபிள்யூ. எஸ். கில்பர்ட்டும் இசையமைப்பாளர் ஆர்தர் சலிவனும் 1875இல் 'டிரையல் பை ஜூரி' என்று ஓர் இசை நாடகமே இதை வைத்துப் போட்டார்கள். அதில் கைவிடப்பட்ட மணப்பெண் கல்யாண உடையில் நீதிமன்றத்துக்கு வருகிறாள். வாதங்கள் முடிவில்லாமல் நீள, கடைசியில் நீதிபதியே அவளைக் கட்டிக்கொள்வதாகத் தீர்ப்புச் சொல்கிறார். செசிலி செய்வது அதைவிடக் கூர்மை. ஒரு பெண் காதலிக்கப்பட்டாள் என்பதற்குச் சமூகம் என்னென்ன அத்தாட்சி கேட்குமோ அத்தனையையும், ஆண் என்று ஒருவன் இல்லாமலேயே அவள் தயாரித்துவிடுகிறாள்.

கில்பர்ட்டின் பெயர் வந்துவிட்டதால், அவர் 1877 அக்டோபரில் ஹேமார்க்கெட் அரங்கில் மேடையேற்றிய 'என்கேஜ்டு' பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வைல்டின் நாடகத்தை எல்லாரும் படிக்கிறார்கள். அதற்கு 18 ஆண்டு முன்னால் வந்த இதைத் தமிழில் யாரும் பேசி நான் பார்த்ததில்லை. கதாநாயகன் செவியட் ஹில் பணக்காரன், மகா கஞ்சன். கண்ணில் படும் பெண்ணிடமெல்லாம் கல்யாணம் கேட்கும் வியாதி அவனுக்கு. அவனைக் கட்டுப்படுத்தி வைத்திருப்பதற்காக நண்பன் பெல்வானிக்கு ஆண்டுக்கு 1,000 பவுண்டு வருகிறது. செவியட் பிரம்மச்சாரியாக இருக்கும்வரைதான் அது. அவனுக்குக் கல்யாணம் ஆனாலோ, அவன் செத்தாலோ, அந்த 1,000 பவுண்டும் மாமா சிம்பர்சனுக்குப் போகும். ஆக, மாமாவுக்கு ஒன்று அவன் தன் மகளைக் கட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் அவன் சாக வேண்டும்; எது நடந்தாலும் லாபம். ஒரு கட்டத்தில் சிம்பர்சன் துக்க உடை அணிந்து, உயிரோடு இருக்கும் செவியட்டின் முன்னாலேயே வந்து நிற்கிறார்.

ஸ்காட்லாந்து எல்லையில் ஒரு குடிசை. அங்கே ஒரு தகராறிலிருந்து பெலிண்டா என்ற பெண்ணைக் காப்பாற்ற, இவள் என் மனைவி என்று சாட்சிகள் முன்னால் செவியட் சொல்லிவிடுகிறான். நாடகம் சொல்லும் ஸ்காட்லாந்துச் சட்டப்படி அப்படிச் சொன்னாலே கல்யாணம். பாதிரியார் வேண்டாம், தேவாலயமும் வேண்டாம். எல்லைக்கு இந்தப் பக்கம் இங்கிலாந்தில் அதே வார்த்தைக்கு மதிப்பே கிடையாது. இப்போது கேள்வி, அவர்கள் நின்றிருந்த இடம் எந்த நாட்டில் இருக்கிறது என்பது. காதலோ சம்மதமோ இருந்ததா என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை, மண்ணின் அளவைதான் தீர்மானிக்கப்போகிறது. தான் கல்யாணமானவளா கன்னியா என்று தெரியாமலே பெலிண்டா மூன்று அங்கங்களைக் கடக்கிறாள். இந்த ஆள்மாறாட்டத்தில் யாரும் வேடம் போடவில்லை. சட்டமே ஆளை மாற்றிவைத்துவிட்டது. இதைவிட அழுத்தமான கற்பனை அந்த நூற்றாண்டின் நகைச்சுவை மேடையில் இல்லை என்பது என் கருத்து.

பெலிண்டா பெல்வானியைக் காதலிப்பவள்தான். ஆனால் அந்த 1,000 பவுண்டு எந்த நிபந்தனையில் வருகிறது என்பது தெரிந்ததும் பின்வாங்கிவிடுகிறாள். அதே எல்லையோரத்தில் ஆங்கஸ் என்ற ஏழை, தன் காதலி மேகியை 2 பவுண்டுக்குச் செவியட்டுக்கு விட்டுக்கொடுக்கிறான். அந்தத் தொகை நியாயமானதுதானா என்று ஆங்கஸும் மேகியும் கண்ணீரோடு ஆலோசிக்கிறார்கள். மேல்தட்டில் ஆயிரமாக நடக்கும் பேரம் குடிசையில் இரண்டாக நடக்கிறது. கில்பர்ட் இரக்கமே இல்லாமல் இரண்டையும் ஒரே மேடையில் நிறுத்துகிறார். வைல்ட் இந்த நாடகத்துக்குக் கடன்பட்டவர் என்று விமர்சகர்கள் பலர் சொல்வது சரிதான். துக்கத்தின் நடுவே பலகாரம் சாப்பிடும் பெலிண்டாவைப் படித்தபின் மஃபினுக்காகச் சண்டைபோடும் ஜாக்கையும் அல்ஜெர்னனையும் பாருங்கள். சிம்பர்சனின் துக்க உடையைப் பார்த்தபின், இல்லாத தம்பி பாரிஸில் குளிர் கண்டு செத்துவிட்டான் என்று கறுப்பு அணிந்துவரும் ஜாக்கைப் பாருங்கள். ஜாக் அப்படி வந்து நிற்கும் நேரத்தில் 'செத்த' எர்னஸ்டாக அல்ஜெர்னன் வீட்டுக்குள்ளேயே இருக்கிறான்.

இதற்கெல்லாம் முந்தியது டயன் பூசிகோவின் 'லண்டன் அஷ்யூரன்ஸ்', 1841. வயதான சர் ஹார்கோர்ட் ஒரு பணக்கார இளம்பெண்ணைக் கட்டிக்கொள்ளக் கிராமத்துக்குப் போகிறார். கடன்காரர்களிடமிருந்து தப்பிய அவருடைய மகன் பொய்ப் பெயரில் அதே வீட்டில் இருக்கிறான். தந்தையின் முன்னாலேயே தான் அவர் மகனில்லை என்று சாதிக்கிறான். பூசிகோ அந்த நாடகத்தையே லீ மோர்டன் என்ற புனைபெயரில்தான் முதலில் தந்தார். 1892இல் வந்த பிராண்டன் தாமஸின் 'சார்லிஸ் ஆன்ட்' லண்டனில் 1,466 தடவை தொடர்ந்து நடந்தது. அதில் மூத்த பெண்மணி ஒருவர் கூட இல்லாமல் இளம்பெண்களை விருந்துக்கு அழைக்க முடியாது என்பதால், ஆக்ஸ்ஃபர்டு மாணவர்கள் தங்கள் நண்பனுக்கு அத்தை வேடம் போட்டு உட்காரவைக்கிறார்கள். அது வெறும் கும்மாளம், அதிகம் தோண்ட வேண்டியதில்லை. ஆனாலும் அங்கேயும் வேடத்தை வரவழைத்தது கல்யாணச் சந்தையின் விதிதான்.

இவ்வளவையும் மேடையில் சொல்ல எப்படி விட்டார்கள்? 1843ஆம் ஆண்டு அரங்கச் சட்டப்படி ஒவ்வொரு புதிய நாடகத்தின் பிரதியும் முன்கூட்டியே லார்ட் சேம்பர்லின் அலுவலகத்துக்குப் போய் அனுமதி பெற வேண்டும். பெர்னார்ட் ஷா 1893இல் 'மிஸஸ் வாரன்ஸ் புரொஃபெஷன்' எழுதினார். பெண்ணுக்குப் பிழைப்புக்கு வழி விடாத சமூகத்தில் கல்யாணமும் விபசாரமும் எவ்வளவு பக்கத்தில் நிற்கின்றன என்று நேராகப் பேசிய நாடகம். இங்கிலாந்தில் அது பொது அரங்கேறியது 1925இல். ஏறக்குறைய அதே குற்றச்சாட்டைச் சிரிப்போடு சொன்ன லேடி பிராக்னெலுக்கு எந்தத் தடையும் இல்லை. ஷா வைல்டின் நாடகத்துக்கு விமர்சனம் எழுதியபோது, சிரிக்கவைத்தது, ஆனால் தன்னைத் தொடவில்லை என்று குறைப்பட்டார். ஷா மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இந்த இடத்தில் அவர் சொன்னது தவறு.

ஏன் தவறு என்றால் மூன்றாம் அங்கத்தைப் பாருங்கள். தன் சகோதரி மகன் அல்ஜெர்னனுக்கு மணப்பெண்ணாகச் செசிலியை ஏற்க மனமில்லாமல் கிளம்பத் தயாராகும் லேடி பிராக்னெலுக்கு, அவள் பெயரில் 1,30,000 பவுண்டு அரசுக் கடன் பத்திரங்களில் இருப்பது தெரிகிறது. மறுபடி உட்கார்ந்துகொள்கிறார். பெண்ணின் பக்கவாட்டு முகம் திடீரென்று அழகாகத் தெரிகிறது. தான் கல்யாணமாகி வந்தபோது தன்னிடம் ஒரு காசும் இல்லை என்று அதே மூச்சில் சொல்கிறார். வாயில் காவலாளி போல இத்தனை நேரம் கேள்வி கேட்ட பெண்மணி, ஒரு காலத்தில் அந்த வாயிலுக்கு வெளியே நின்றவர்! உள்ளே நுழைந்தவர்களே கதவை இறுக்கிச் சாத்துகிறார்கள் என்பதை இவ்வளவு போகிறபோக்கில் சொல்லிப்போன எழுத்து வேறொன்று எனக்குத் தெரியாது. இது என்னைத் தொடுகிறது.

பிறகு முடிச்சு அவிழ்கிறது. மிஸ் பிரிசம் என்ற ஆசிரியை 28 ஆண்டுகளுக்கு முன் தான் எழுதிய மூன்று பாக நாவலைக் குழந்தையின் தள்ளுவண்டியிலும், குழந்தையைக் கைப்பையிலும் மறதியாக வைத்துவிட்டாள். ஜாக் லேடி பிராக்னெலின் சொந்தச் சகோதரியின் மகன், அல்ஜெர்னனின் அண்ணன். ராணுவப் பட்டியல் புத்தகத்தைப் புரட்டினால் தந்தையின் பெயர் எர்னஸ்ட் ஜான். ஆகவே ஜாக்கும் எர்னஸ்ட்தான். சொன்ன பொய்யெல்லாம் உண்மையாகிவிட்டது. கவனியுங்கள், அந்த மனிதரில் ஓர் அணுவும் மாறவில்லை. முதல் அங்கத்தில் மறுக்கப்பட்ட அதே ஜாக் மூன்றாம் அங்கத்தில் ஏற்கப்படுகிறார். மாறியது ஒரு அச்சிட்ட புத்தகத்தில் கிடைத்த ஒரு வரி.

வைல்ட் முதலில் நான்கு அங்கங்களாக எழுதினார். ஜாக்காக நடித்த அரங்க நிர்வாகி ஜார்ஜ் அலெக்சாண்டர் கேட்டுக்கொண்டதால் மூன்றாகச் சுருக்கினார். வெட்டுப்பட்டதில் ஒரு காட்சி முக்கியமானது. சவாய் ஹோட்டலில் சாப்பிட்ட பாக்கிக்காக எர்னஸ்டைக் கைதுசெய்து ஹாலோவே சிறைக்குக் கொண்டுபோக ஒரு வழக்கறிஞர் வருவார். முதல் காட்சி நடந்து நான்காம் நாள், பிப்ரவரி 18 அன்று, வைல்டின் காதலரின் தந்தையான குவீன்ஸ்பெரி பிரபு, வைல்டை இழிவுபடுத்தி ஒரு அட்டையை அவருடைய கிளப்பில் விட்டுச்சென்றார். வைல்ட் அவதூறு வழக்குத் தொடுத்தார், அது அவர் மேலேயே திரும்பியது. ஏப்ரல் 5 அன்று கைதாகி, விசாரணைக் காலத்தில் வைக்கப்பட்டது அதே ஹாலோவே சிறையில்தான். நாடகம் தொடர்ந்து நடந்தது, ஆனால் விளம்பரத் தாளிலிருந்து ஆசிரியரின் பெயர் நீக்கப்பட்டது. மே 25 அன்று இரண்டு ஆண்டு கடுங்காவல். மனைவி கான்ஸ்டன்ஸ் இரண்டு மகன்களோடு தன் குடும்பப்பெயரை ஹாலண்டு என்று மாற்றிக்கொண்டார். விடுதலையான வைல்ட் செபாஸ்டியன் மெல்மோத் என்ற பெயரில் பிரான்சில் வாழ்ந்தார். 1899இல் நாடகம் புத்தகமானபோதும் அட்டையில் அவர் பெயர் இல்லை. ஆண்-பெண் கல்யாணத்துக்குள் அடங்காத ஒரு காதலை மறைத்து இரண்டு வாழ்க்கை வாழவேண்டியிருந்த மனிதர், இரண்டு பெயர்களோடு வாழும் ஆண்களைப் பற்றி எழுதினார். அதைத் தெரிந்துகொண்டு வாசிக்கும்போதும் நாடகம் குறைவாகச் சிரிக்கவைப்பதில்லை. எழுதியவரின் துணிச்சல்தான் கூடுதலாகப் புரிகிறது.

கல்லூரி நாடகக் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். லேடி பிராக்னெலைக் கோமாளியாக்கி நடிக்காதீர்கள். 'என்கேஜ்டு' நாடகத்துக்குக் கில்பர்ட் நடிகர்களுக்கென்று ஒரு குறிப்பே எழுதியிருக்கிறார்: ஆரம்பம் முதல் கடைசிவரை முழு மனதோடு, சிறிதும் விளையாட்டுத்தனம் இல்லாமல் நடிக்க வேண்டும், தான் சொல்வது வேடிக்கை என்று தெரிந்ததாக எந்தப் பாத்திரமும் காட்டிக்கொள்ளக் கூடாது. வைல்டுக்கும் அது அப்படியே பொருந்தும். இரண்டு நாடகங்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக வாய்விட்டு வாசியுங்கள். முதலில் 'என்கேஜ்டு', அடுத்து 'எர்னஸ்ட்'.